பிஸ்கற் பேணிக்குள் ஆறு குழாய்கள்

சோற்றுக்கும் கறிக்கும் நடுவே, என் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் நான் பக்டீரியா வளர்த்த கதையை இதுவரை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் ஒரு கூட்டம் மூக்கைச் சுளிக்கும். மற்றக் கூட்டம் "ஐயோ பாவம்" என்று என் கையைப் பிடிக்க வரும். இரண்டும் எனக்கு ஒத்துவராது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மெல்பேர்ணில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களை எண்ண இரண்டு கை விரல்கள் தேவைப்படவில்லை. நாங்கள் ஃபுட்ஸ்க்ரேயில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் இலங்கையில் விவசாயப் பட்டம் எடுத்தவர். இங்கே வெரிபீ என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு மண் ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலை. பெயர் உதவியாளர், நாள் முழுக்கச் செய்தது கண்ணாடிக் குழாய் கழுவுவது. நான் ஒரு தையல் தொழிற்சாலையில் சேர்ட்டுக்குக் கொலர் தைத்தேன். இருவருக்கும் அதைப் பற்றி முணுமுணுக்கவும் நேரமில்லை. எனக்கு மட்டும் கொஞ்சம் இருந்தது.

வெரிபீக்குத் தெற்கே, கடலோரமாக, இத்தாலியர்களின் மரக்கறித் தோட்டங்கள் இருந்தன. அவர்களில் ஒருவருடைய காணியில் கடல் பக்க மூலை மட்டும் வெள்ளை பூத்துக் கிடந்தது. அவ்வளவும் உப்பு. முட்டைக்கோவா நட்டால் கருகும், அவரை போட்டால் அரையடி எழும்பி மஞ்சளாகி நிற்கும். அங்கே மண் எடுத்துவர அனுப்பப்பட்ட என் கணவர், வாய்க்கால் கரையில், உப்புக்கு நடுவிலேயே ஒரு காட்டுக்கொடி நல்ல பச்சையாகப் படர்ந்திருப்பதைக் கண்டார். அவரை இனத்துக் கொடி. பிடுங்கினால் வேர் நிறையச் சின்னச் சின்ன முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்திருக்கிறார். உள்ளே இளஞ்சிவப்பு.

அந்த இளஞ்சிவப்பின் அர்த்தத்தை அவர் எனக்குக் குசினி மேசையில் வைத்து விளக்கினார். அவரை, பயறு போன்ற செடிகளின் வேர் முடிச்சுக்குள் மண் பக்டீரியா குடியிருக்கும். அது காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்குச் சாப்பாடாக மாற்றிக் கொடுக்கும். உப்பு மண்ணில் செடி தாக்குப்பிடித்தாலும் பக்டீரியா தாக்குப்பிடிக்காது. சாப்பாடு கொடுக்க ஆளில்லாமல் செடி மஞ்சளாகும். முடிச்சின் உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை நடக்கிறது. ஆகவே, உப்புக்குள் இருந்துகொண்டே வேலை செய்கிற ஒரு வகை அந்த வாய்க்கால் கரையில் இருக்கிறது.

"இதைப் பிரிச்செடுத்து அவரை விதையில பூசி விட்டால், அந்த மூலையில பயிர் வரும்" என்றார். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. குசினி நிலமெல்லாம் வெரிபீ மண்.

"முதல்ல சப்பாத்தைக் கழட்டுங்கோ" என்றேன்.

பிரித்தும் எடுத்தார். எடுத்ததை வைக்கத்தான் இடமில்லை. ஆய்வுகூடத்தில் அவருக்கு மேலே இருந்த பெரியவர் நீண்ட விடுமுறையில் வெளிநாடு போயிருந்தார். அடுத்த புதுவருடம் கழித்துத்தான் வருவார். அவர் கொடுக்கிற இலக்கம் இல்லாத எந்தக் குழாயும் ஆய்வுகூடத்துக் குளிர்ப்பெட்டியில் இருக்கக்கூடாது என்பது சட்டம். வெள்ளிக்கிழமைகளில் இலக்கமில்லாதவை எல்லாம் கழுவ வந்துவிடும். கழுவுகிறவர் இவர்தான். தன் பக்டீரியாவைத் தானே கழுவ வேண்டிவரும் என்று, ஆறு குழாய்களைப் பையில் வைத்து ரயிலில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அப்படித்தான் என் குசினி கெட்டது. நான் பருப்பு அவிக்கிற பிரஷர் குக்கரில் அவருடைய குழாய்கள் அவிந்தன. பக்டீரியாவுக்குச் சாப்பாடு ஈஸ்ற் அவித்த தண்ணீர், கொஞ்சம் சீனி, இறுகுவதற்குக் கடற்பாசி, பிறகு உப்பு. சும்மா ஒரு கிள்ளு இல்லை, கரண்டி கரண்டியாக உப்பு. அதைக் குழாய்களில் ஊற்றி, அகப்பைக் காம்பில் சாய்த்து வைத்து இறுக விட வேண்டும். பிறகு ஒரு கம்பியை அடுப்பு நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, ஆற விட்டு, பழைய குழாயிலிருந்து ஒரு துளி தொட்டுப் புதியதில் இழுக்க வேண்டும். குழாயின் வாயைப் பஞ்சால் அடைக்க வேண்டும். மாதம் ஒருமுறை இப்படி மாற்றாவிட்டால் காய்ந்து செத்துவிடும். அவருக்குக் கை நடுங்கும். எனக்கு ஊசியில் நூல் கோத்துப் பழகிய கை. இரண்டாம் மாதமே அந்த வேலை என்னிடம் வந்துவிட்டது. வெளியில் திட்டினாலும் உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அவருக்கு இருதயம் பலவீனம். கால் வீங்கும். உப்பைத் தொடவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆகவே எங்கள் வீட்டில் கறிக்கு உப்பில்லை, கிருமிக்கு உப்பு. ஒருநாள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே எண்டு சும்மாவே சொன்னவை?"

"அப்ப குப்பைக்குள்ள போயிருந்து சாப்பிடுங்கோ" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தச் சொல்லை நினைத்தால் இன்றைக்கும் என் நாக்கைப் பிடுங்கிப் போடலாம்போல இருக்கிறது.

எங்கள் சின்னக் கூட்டத்துக்குள் ஒரு டொக்டரின் மனைவி இருந்தார். எல்லோருக்கும் மூத்தவர், எல்லோருக்கும் அன்ரி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது சமைத்துக்கொண்டு வருவார். வந்தால் கதிரையில் இருக்கமாட்டார். நேரே குசினிக்குப் போய்க் குளிர்ப்பெட்டியைத் திறந்து, தன் சட்டிக்கு இடம் தேடுவார். அதற்குப் பயந்துதான் குழாய்களை ஒரு தகரப் பிஸ்கற் பேணிக்குள் வைத்து மூடியிருந்தேன். ஒரு ஞாயிறு அவர் பேணியைக் கையில் எடுத்துவிட்டார்.

"இதென்ன பிள்ளை?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், சாப்பாடு வைக்கிற இடத்தில் மண் கிருமி வளர்க்கிறாள் என்ற செய்தி நான் தேத்தண்ணீர் ஊற்றி முடிக்கும் முன்னே ஊர் சுற்றிவிடும். பிறகு என் வீட்டில் ஒருவரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

"அவற்ற மருந்து அன்ரி" என்றேன். "குளிருக்குள்ள வைக்கச் சொன்னவை."

அன்ரி பேணியைப் பக்குவமாகத் திருப்பி வைத்தார். போகும்போது, வழக்கம்போல, "இன்னும் விசேஷம் ஒண்டும் இல்லையோ?" என்று என் வயிற்றைப் பார்த்துக் கேட்டார். அவர் போன பிறகு என் கணவர், "பேணிக்குள்ள கோடிக்கணக்கில கிடக்கெண்டு சொல்லியிருக்கலாமே" என்றார். தன் மருந்து என்று நான் சொன்னதையும் அவர் கேட்டிருந்தார். "பொய்யில்லையே. மண்ணுக்கு மருந்துதானே" என்றார்.

மே மாதம் அந்த இத்தாலியத் தோட்டக்காரர் தன் உப்பு மூலையில் இரண்டு வரிசை விட்டுக்கொடுத்தார். இத்தாலியர்கள் விரும்பித் தின்கிற பருத்த அவரை விதை. ஒரு வரிசைக்குச் சும்மா விதை. மற்ற வரிசைக்கு எங்கள் குழாயிலிருந்து வழித்தெடுத்ததைச் சீனித் தண்ணீரில் கரைத்துப் பூசி, நிழலில் உலர்த்திய விதை. வெயிலில் உலர்த்தினால் பக்டீரியா செத்துவிடும் என்று அவர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். மெல்பேர்ணில் மே மாதம் குளிர் தொடங்குகிற காலம், என்ன வெயில். தோட்டக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்.

செப்டெம்பரில் போய்ப் பார்த்தோம். சும்மா விதைத்த வரிசை கணுக்கால் உயரத்தில் மஞ்சளாக நின்றது. மற்ற வரிசை என் இடுப்புக்கு வந்து பூத்திருந்தது. என் கணவர் வரிசையின் நுனியில் ஒரு செடியைக் கிண்டி எடுத்து, வேரைக் கழுவி, ஒரு முடிச்சைக் கீறி உள்ளே இருந்த இளஞ்சிவப்பை என்னிடம் காட்டினார். நான் தலையை ஆட்டினேன். அவர் அந்த மண்ணிலேயே குந்தி இருந்துவிட்டார். களைப்பு என்று நினைத்தேன். களைப்புத்தான், ஆனால் அது இருதயத்தின் களைப்பு.

ஒக்ரோபரில் அவரை ஆஸ்பத்திரியில் விட்டார்கள். வேலை முடிந்து நான் பஸ் பிடித்துப் போவேன். பக்கத்தில் இருந்தவுடன் அவர் கேட்பது தன் உடம்பைப் பற்றி இல்லை.

"மாத்தினீரோ?"

"ஓம். நேற்று மாத்தினனான்."

"பெரியவர் வந்ததும் அவற்ற கையில குடும். குறிப்புக் கொப்பியையும் குடும். நான் எழுதினதை வாசிச்சால் அவருக்கு விளங்கும். ஒரு இலக்கம் போட்டுத் தரச் சொல்லும்."

"நீங்களே வந்து குடுங்கோவன்."

"அதுவரைக்கும் சாக விடாதையும்" என்றார்.

இலக்கம் ஒன்றுதான் அவர் இந்த நாட்டில் கேட்டது. மற்றவர்களின் குழாய்களில் ஒட்டியிருக்கிற இலக்கங்களை இத்தனை காலம் சுரண்டிக் கழுவியவர். தன் குழாயிலும் ஒரு இலக்கம் ஒட்ட வேண்டும், அது ஆய்வுகூடத்துக் குளிர்ப்பெட்டித் தட்டில் மற்றவற்றோடு இருக்க வேண்டும். சாக விடமாட்டேன் என்று அவருடைய கையைப் பிடித்துச் சொன்னேன்.

நவம்பரில் அவர் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் ஒரு பக்கமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தகனம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். அன்ரியும் வேறு இரண்டு பெண்களும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். எங்கள் முறை அது. செத்தவீட்டில் மிச்சமிருக்கிற சோறு, தண்ணீர், பால் எதுவும் இருக்கக்கூடாது. எல்லாவற்றையும் வெளியே கொட்டி, பாத்திரங்களை விளக்கி, மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை எப்போதும் இருந்ததில்லை. ஆனால் அன்று அந்தச் சத்தம் ஆறுதலாக இருந்தது. வாளியின் சத்தம், தும்புக்கட்டையால் கூட்டும் சத்தம். யாரோ என் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று முன்னறையில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் படையலுக்கு முதல்நாள் அந்தத் தோட்டக்காரர் வந்தார். கறுத்தக் கோட்டுப் போட்டிருந்தார். அது அவருக்கு இறுக்கமாக இருந்தது. தன் லொறியிலிருந்து ஒரு பெரிய சாக்கு மூட்டையை இறக்கி வாசலில் வைத்தார். உள்ளே அவரைச் செடிகள். காயோடு, இலையோடு, வேரோடு, மண் உதிராமல். எங்கள் வரிசை முழுவதையும் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார்.

உடைந்த ஆங்கிலத்தில் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: "உன் மனுசன் எப்போது வந்தாலும் முதலில் வேரைத்தான் பார்ப்பார். அதனால் வேரோடு கொண்டுவந்தேன்."

நான் அவருக்கு நன்றி சொன்னேன். அவர் அழுதார். நான் அழவில்லை. சாக்கைப் பெண்கள் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாள் படையலில் ஒரு அவரைக்காய்க் கறி இருந்தது. படைத்து முடிந்து என்னைப் பிடித்து இருத்திச் சாப்பிட வைத்தார்கள். அந்தக் கறிக்கு உப்புப் போட்டிருந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் உப்புள்ள கறி. நல்ல ருசி. இன்னொரு அகப்பை போடுங்கோ என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அதை எழுதும்போது இன்றைக்கும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

சாப்பிட்டு முடிந்து தண்ணீர்ப் போத்தல் எடுக்க, அவர் போன பிறகு முதல் தடவையாகக் குளிர்ப்பெட்டியைத் திறந்தேன். தட்டுகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. பேணி இருந்த மூலையில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது.

"அன்ரி, இதுக்குள்ள ஒரு பேணி..."

"அவற்ற மருந்து தானே, பிள்ளை?" அன்ரி என் தோளைத் தடவினார். "அதைத்தான் முதல் முதல்ல எறிஞ்சனான். ஒவ்வொரு நாளும் திறக்கேக்க கண்ணில பட்டால் உமக்கு மனம் நோகுமெல்லே. குழாயெல்லாத்தையும் கொதிதண்ணி விட்டுக் கழுவித்தான் எறிஞ்சனான். ஆரும் தெரியாமல் எடுத்துக் குடிச்சுப்போடுவினம்."

நான் பின்வளவுக்கு ஓடினேன். அந்தக் காலத்தில் மெல்பேர்ணில் எல்லார் வீட்டுப் பின்வளவிலும் குப்பை எரிக்க ஒரு கல் அடுப்பு இருக்கும். அதற்குள் அவரைச் செடிகள் சாம்பலாகியிருந்தன. காயைப் பறித்துவிட்டு, இலை, கொடி, வேர் எல்லாவற்றையும் துப்புரவாக எரித்திருந்தார்கள். கையை விட்டுத் துழாவினேன். ஒரு வேர்கூட மிஞ்சவில்லை. குழாய் போனாலும் அந்த முடிச்சுகளில் ஒன்றைக் கீறியிருந்தால் போதும், பக்டீரியாவைத் திரும்ப எடுத்திருக்கலாம். அவர் எனக்கு அதையும் சொல்லித் தந்திருந்தார். முழு மூட்டை வீட்டு வாசலுக்கு வந்தது. நான் கறி தின்றுகொண்டிருந்தேன்.

அன்ரி பின்னாலேயே வந்து, சாம்பல் அப்பிய என் கைகளைக் கழுவிவிட்டார். மனம் பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார். எனக்கு அவரில் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மருந்து என்று சொன்னவள் நான். செத்தவரின் மருந்தை யார் வீட்டில் வைப்பார்கள்?

அன்ரிக்கு நான் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை.

புதுவருடம் கழித்துப் பெரியவர் வந்தார். ஒரு பூங்கொத்தோடு வீட்டுக்கே வந்து, கதிரையின் நுனியில் இருந்து, கொப்பியை வாங்கிப் பக்கம் பக்கமாக வாசித்தார். நல்ல மனிதர். வாசிக்க வாசிக்க அவருடைய முகம் மாறியது. இது எனக்கு ஏன் தெரியாமல் போனது என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, குழாய்கள் எங்கே என்றார்.

எறிந்துவிட்டோம் என்றேன். யார் எறிந்தது என்று சொல்லவில்லை.

அவர் கொப்பியை மடித்து வைத்துவிட்டு, வழி இருக்கிறது என்றார். அந்தக் காட்டுக்கொடியைத் தேடலாம். வரிசை நின்ற மண்ணிலும் பக்டீரியா கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். வாய்க்கால் கரைக்கு அந்தக் கோடையில் சீமெந்து பூசியிருந்தார்கள். கொடி நின்ற இடத்தில் வழுவழுப்பான புதுச் சீமெந்து. வரிசை நின்ற இடத்தில் மண் காய்ந்து, மறுபடி வெள்ளை பூத்திருந்தது. தோட்டக்காரர் தானே மண்வெட்டி எடுத்துக் கிண்டி, இரண்டு வாளி மண் நிரப்பித் தந்தார். தான் என்ன செய்துவிட்டேன் என்பது அவருக்கும் அன்றுதான் தெரிந்தது. "நான் வேரைக் காட்ட நினைத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்த மண்ணை ஆய்வுகூடத்தில் சட்டிகளில் போட்டு அவரை விதைத்தோம். சனிக்கிழமைகளில் எனக்கு வேலையில்லை. ரயிலில் வெரிபீக்குப் போய்த் தண்ணீர் ஊற்றினேன். ஆறாம் வாரம் செடிகளைப் பிடுங்கி வேரைக் கழுவினோம். முடிச்சு இருந்தது. கீறினேன். இளஞ்சிவப்பு. அடுத்த முடிச்சையும் கீறினேன். பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பொறுக்கச் சொன்னார். சாதாரண மண் பக்டீரியாவும் இதே முடிச்சைத்தான் போடும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உப்பில் வளர்த்துப் பார்த்தால்தான் என் கணவருடையதா என்று தெரியும். ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் எடுத்ததை இரண்டு கண்ணாடித் தட்டுகளில் இழுத்தோம், ஒன்று உப்பில்லாதது, மற்றது உப்புள்ளது. கம்பியைப் பிடித்து இழுத்தது நான்தான்.

அடுத்த சனிக்கிழமை உப்பில்லாத தட்டில் கோடுகள் தடித்து வளர்ந்திருந்தன. உப்புத் தட்டில் ஒன்றுமில்லை. இன்னும் ஒரு கிழமை விடலாமா என்று கேட்டேன். விட்டார். அதன் பிறகு இன்னும் ஒரு கிழமை. அதையும் விட்டார். வெள்ளிக்கிழமை கழுவ வந்த புதுப் பெடியனிடமிருந்து அந்தத் தட்டை மறைத்து வைத்ததாகச் சொன்னார்.

மூன்றாம் சனிக்கிழமை தட்டை என் கையில் தந்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன். என் கம்பி இழுத்த கோடுகள் கடற்பாசியில் கீறல்களாகத் தெரிந்தன. கீறல்களில் எதுவும் முளைக்கவில்லை. நான் இலக்கம் ஒட்டுவதற்கென்று அந்தத் தட்டின் மூடியில் விட்டிருந்த இடம் காலியாக இருந்தது.

பெரியவர் பக்கத்தில் வந்து நின்று, எறியட்டுமா என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்.

என்னிடம் யாரும் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் "ஓம்" என்றேன். தமிழில் சொன்னேன் என்பது ரயிலில் திரும்பி வரும்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அவருக்கு விளங்கித்தான் இருந்தது. தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார்.